காலடித் தடங்கள் சொல்லாத பத்து நாள்கள்

தில்லியில் 'தீஸ் ஜனவரி மார்க்' என்றொரு சாலை இருக்கிறது. முன்பு அதன் பெயர் அல்புகர்க் சாலை. இன்றைய பெயருக்கு 'ஜனவரி முப்பது சாலை' என்று பொருள். மொழியியல் பயின்ற எனக்கு அந்தப் பெயர்ப்பலகையை எளிதில் கடந்துசெல்ல இயலவில்லை. அப்பெயரில் கொன்றவனும் இல்லை, கொல்லப்பட்டவரும் இல்லை. நாள் மட்டுமே எஞ்சி நிற்கிறது.

அச்சாலையில் உள்ள வீட்டைத் தொழிலதிபர் கனஷ்யாம் தாஸ் பிர்லா 1928இல் கட்டினார். 1947 செப்டம்பர் 9 முதல் தம் வாழ்வின் இறுதி 144 நாள்களைக் காந்தி அங்கே கழித்தார். 1971இல் இந்திய அரசு அவ்வீட்டைக் கையகப்படுத்தியது. 1973 முதல் அது 'காந்தி ஸ்மிருதி' என்னும் பெயரில் மக்களுக்குத் திறந்திருக்கிறது.

அவர் தங்கிய அறையிலிருந்து பிரார்த்தனைத் திடல்வரை கல்லாலான காலடித் தடங்கள் செல்கின்றன. பார்வையாளர்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டு அவற்றின் ஓரமாக நடக்கிறார்கள். மாலை 5.17க்கு மூன்று குண்டுகள் பாய்ந்த இடத்தில் தடங்கள் முடிகின்றன. அங்கே ஒரு நினைவுத் தூண் நிற்கிறது. நானும் அவ்வாறே நடந்தேன். அந்த நேர்கோடு மனத்தில் ஓர் எண்ணத்தை விதைக்கிறது: இது இப்படித்தான் முடிந்திருக்க வேண்டும், இது விதி. வரலாறு அவ்வாறு சொல்லவில்லை.

அதே வளாகத்தில் பத்து நாள்களுக்கு முன்பே, ஜனவரி 20 அன்று, பிரார்த்தனையின்போது மதிலருகே வெடிகுண்டு ஒன்று வெடித்தது. அந்தக் குழப்பத்தில் காந்தியைக் கொல்வதே சதிகாரர்களின் திட்டம். அது நிறைவேறவில்லை. குண்டு வைத்த மதன்லால் பாஹ்வாவை அக்கம்பக்கத்துப் பெண் ஒருவர் அடையாளம் காட்ட, அவன் அங்கேயே பிடிபட்டான். மற்றவர்கள் தப்பினர். அவனிடம் நடந்த விசாரணையில் மராத்தி இதழாசிரியர் ஒருவரைப் பற்றிய குறிப்பும் வெளிவந்தது. நாதுராம் கோட்சே அப்போது பூனாவில் ஒரு மராத்தி இதழின் ஆசிரியராக இருந்தான்.

இங்கே என் துறையைச் சார்ந்த ஒருவர் வருகிறார். ஜகதீஷ் சந்திர ஜெயினைப் பிராகிருத இலக்கிய வரலாறு எழுதிய அறிஞராகவே நான் அறிந்திருந்தேன். பம்பாயில் பேராசிரியராக இருந்த அவர், பிரிவினையால் அகதியாகி வந்த மதன்லாலுக்குத் தம் நூல்களை விற்றுப் பிழைக்க வழிசெய்தார். காந்தியைக் கொல்லச் சதி நடப்பதாக மதன்லால் அவரிடம் முன்னரே கூறியிருந்தான். அகதி இளைஞனின் வெற்றுக் கோபம் என்று முதலில் எண்ணிய ஜெயின், குண்டு வெடித்த செய்தி வந்ததும் பம்பாய் மாகாண முதல்வர் பி. ஜி. கேரையும் உள்துறை அமைச்சர் மொரார்ஜி தேசாயையும் சந்தித்துத் தாம் அறிந்ததைச் சொன்னார். பிற்காலத்தில் அவர் எழுதிய நூலின் தலைப்பே 'பாபுவை என்னால் காப்பாற்ற முடியவில்லை' என்னும் பொருளுடையது.

தகவல் இருந்தது, பத்து நாள் அவகாசமும் இருந்தது. பிரார்த்தனைக்கு வருவோரைச் சோதனையிடக் காந்தி இசையவில்லை என்பது உண்மை. ஆயினும் குற்றவாளிகளைத் தேடிப் பிடிப்பதற்கு அவருடைய இசைவு தேவைப்படவில்லை. 1966இல் அமைக்கப்பட்ட ஜீவன்லால் கபூர் ஆணையம் 1969இல் அளித்த அறிக்கையில், தில்லி, பம்பாய்க் காவல்துறையினரின் புலனாய்வுக் குறைகளைக் கடுமையாகச் சுட்டியது. கோட்சேயும் நாராயண் ஆப்தேயும் 1949 நவம்பர் 15 அன்று அம்பாலா சிறையில் தூக்கிலிடப்பட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கடந்த பின்னரே அந்த அறிக்கை வந்தது.

'காந்தி மறைந்தார்' என்று எழுதும்போது வினை செய்தவன் வாக்கியத்திலிருந்து நழுவிவிடுகிறான். 'கொல்லப்பட்டார்' என்றால் கொன்றவன் யார் என்ற கேள்வியேனும் மிஞ்சுகிறது. 'காப்பாற்றப்படவில்லை' என்று எழுதினால்தான் காக்கத் தவறியோர் யார் என்ற கேள்வியும் எழுகிறது. அந்த மூன்றாம் வாக்கியத்தை நாம் அரிதாகவே எழுதுகிறோம்.

அவ்வீட்டிற்குச் செல்வோர் தூணின் முன் வணங்கட்டும். பிறகு, ஜனவரி 20 அன்று குண்டு வெடித்த மதிலின் பக்கமும் ஒருமுறை திரும்பிப் பார்க்கட்டும். எச்சரிக்கை அங்கிருந்துதான் வந்தது.