ஏறாமல் ஓட்டும் தேர்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வடக்கே செல்லும் பேருந்தின் பலகையில் 'வ. புதுப்பட்டி' என்று எழுதியிருக்கும். தமிழ்நாட்டில் புதுப்பட்டிகளுக்குப் பஞ்சமில்லை; எந்தப் புதுப்பட்டி என்று அடையாளம் சொல்லவே பக்கத்து ஊரான வத்திராயிருப்பின் முதலெழுத்து முன்னால் வந்து நிற்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம், தென்னந்தோப்புகள், வயல்கள். வரலாற்றுப் பயணம் என்றால் கல்வெட்டும் கோயிலும்தான் என்று பழகிவிட்ட நாம், இம்முறை அங்கே சென்றது ஒரு பொம்மை வண்டிக்காக என்றால் வாசகர்கள் சிரிக்கக்கூடும். சிரித்துவிட்டுத் தொடர்ந்து படியுங்கள்.

நம் குழுவினர் ஒருவரின் உறவினர் வீட்டுச் சிறுவனுக்குப் பத்து வயது நிறைந்தது. அவன் கேட்டிருந்த ரிமோட் டிரக் ஒன்றை வாங்கிச் சென்றிருந்தோம். பெட்டியைப் பிரித்த ஐந்தாவது நிமிடத்தில் வண்டி திண்ணைத் தூணில் மோதியது. பத்தாவது நிமிடத்தில் வாய்க்காலை நோக்கிப் பாய்ந்தது. மரவேலை செய்து ஓய்ந்த அவனுடைய தாத்தா, கட்டிலில் அமர்ந்தபடி இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கயிறும் இல்ல, கம்பும் இல்ல. அப்புறம் எதைப் பிடிச்சுத் தம்பி வண்டிய நிறுத்துறது?" என்றார்.

கேள்வி எளியதுதான். ஆனால் அதற்கு விடை தேடப் புகுந்தால் ஈராயிரம் ஆண்டுகளைப் புரட்ட வேண்டியிருக்கிறது!

குழந்தையின் வண்டி தமிழுக்குப் புதிதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர்கள் குதிரை பூட்டாத மூன்று சக்கரச் சிறுதேரை உருட்டி விளையாடுகிறார்கள். காயும் தானியத்தைக் கொத்த வந்த கோழியின்மீது பெண்கள் எறிந்த பொற்குழை, அந்தத் தேரின் வழியை மறிக்கிறது. சோழநாட்டுச் செல்வத்தைச் சொல்ல எழுந்த காட்சிதான். எனினும், ஓடும் வண்டிக்கு முன்னால் திடீரென்று வந்து விழும் தடை என்ற சிக்கல் அன்றே இருந்திருக்கிறது என்பதையும் நாம் குறித்துக்கொள்ளலாம்.

நமக்கு இன்னும் நெருக்கமானது குறுந்தொகையின் 61ஆம் பாடல். பாடியவர் தும்பிசேர் கீரனார். தச்சன் செய்து தந்த சிறுவண்டியில் சிறுவர்கள் ஏறிச் செல்வதில்லை. கையால் இழுத்தே மகிழ்கிறார்கள். அதுபோலத் தலைவனோடு கூடியிராவிட்டாலும், அவனது நட்பை எண்ணியே தலைவி நிறைவு காண்கிறாள் என்கிறாள் தோழி. ஏறாமலே இன்புறுதல்! ரிமோட் வண்டியின் தத்துவத்தை இதைவிடச் சுருக்கமாக எவரும் சொல்லிவிட முடியுமா என்ன? பிற்காலத்தில் ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் இறுதியாகச் சிறுதேர்ப் பருவம் இடம்பெற்றதும் தற்செயலாக இராது. தேரை நடத்தத் தெரிந்த பிள்ளை வளர்ந்துவிட்டான் என்பதே அதன் பொருள் போலும்.

இந்தத் தேர்களுக்கெல்லாம் கையும் கயிறும் வேண்டியிருந்தன. கிராமத்து நுங்கு வண்டியும் அப்படித்தான். சுளை தோண்டிய காய்கள் இரண்டு, நடுவே ஒரு குச்சி, பின்னாலிருந்து தள்ள ஒரு கவைக்கம்பு... அவ்வளவே. இந்தக் கம்பை வண்டியிலிருந்து முதலில் பிரித்தவர் யார்?

1895இல் கல்கத்தா டவுன்ஹாலில், வங்காளத் துணைநிலை ஆளுநர் முன்னிலையில், ஜகதீச சந்திர போஸ் ஒரு சோதனையைச் செய்து காட்டினார். ஓரிடத்தில் எழுப்பிய மின்காந்த அலைகள் சுவரைக் கடந்து சென்று, மறுபுறத்தில் மணியை ஒலிக்கச் செய்தன, வெடிமருந்தைக் கொளுத்தின. கம்பியின்றித் தொலைவிலுள்ள பொருளை வேலை செய்ய வைக்கும் வித்தை, உலகிலேயே மிகத் தொடக்கத்தில் அரங்கேறிய இடங்களுள் ஒன்று இந்திய மண்ணில் இருக்கிறது. ஆனால் மணி ஒலிப்பதும் மருந்து வெடிப்பதும் ஒருமுறை நிகழ்ந்து முடிபவை. ஓடும் வண்டிக்கோ கட்டளைகள் தொடர்ந்து சென்றுகொண்டே இருக்க வேண்டும்.

அந்த அடுத்த அடியை எடுத்து வைத்தவர் நிகோலா டெஸ்லா. 1898இல் நியூயார்க்கின் மேடிசன் சதுக்க அரங்கில், நீர்த்தொட்டியில் மிதந்த சிறு படகொன்றைக் கம்பியின்றித் திருப்பிக் காட்டினார். படகினுள்ளே உலோகத் துகள்கள் நிரம்பிய ஒரு குழல் இருந்தது. அலை வந்து தாக்கியதும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி மின்சாரத்தைக் கடத்தும். அடுத்த கட்டளைக்கு முன்பு அவற்றை மீண்டும் உதிர்த்தாக வேண்டும். அவ்வாண்டு நவம்பர் 8 அன்று அவருக்குக் கிடைத்த அமெரிக்கக் காப்புரிமையின் தலைப்பில் கலங்களோடு வண்டிகளும் சேர்த்தே சொல்லப்பட்டிருந்தன. அதாவது நம் புதுப்பட்டி டிரக்கின் பிறப்புச் சான்றிதழ் அதுவே எனலாம்.

ஸ்பெயின் நாட்டுப் பொறியாளர் லியோனார்டோ டோரஸ் கெவேடோ, 'டெலிகினோ' என்ற தம் கருவியை 1903இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் வைத்தார். பின்னர் அதைக்கொண்டு முச்சக்கர வண்டி ஒன்றை ஓட்டிப் பார்த்தார். மூவுருள் சிறுதேர் மீண்டும் வந்துவிட்டது. இம்முறை குதிரை மட்டுமன்று, கையும் இல்லை! 1906இல் பில்பாவோவில் மன்னர் முன்னிலையில் படகையும் செலுத்திக் காட்டினார். இதன்பின் போர்க்கருவிகள் செய்வோர் இந்த நுட்பத்தைப் பற்றிக்கொண்டார்கள். சோவியத் ஒன்றியம் வானலையால் இயங்கும் டாங்கிகளை 1939–40 பின்லாந்துப் போரில் பயன்படுத்தியது. அது தனிக்கதை; இங்கு வேண்டாம்.

விளையாட்டுப் பொருளாக இது கைக்கு எட்டப் பல்லாண்டுகள் ஆயின. ஜப்பானின் ஷிசுவோகாவில் 1946இல் மரவணிகம் செய்யத் தொடங்கிய தமியா நிறுவனம், மரப்பொம்மைகளுக்கும் பின் பிளாஸ்டிக் மாதிரிகளுக்கும் நகர்ந்து, 1976இல் தன் முதல் ரிமோட் காரான போர்ஷே 934ஐ வெளியிட்டது. 1981இல் மூன்று கியர்களுடன் வந்த டொயோட்டா பிக்கப், கரடுமுரடான நிலத்தில் மெல்ல ஏறி இறங்கும் டிரக்குகளுக்கு ஒரு முன்னோடி. சங்கப் பாடலின் தச்சனுக்கும் இந்த மரவணிகருக்கும் இடையே எத்தனை நூற்றாண்டுகள்!

நம் நாட்டில் வேறொரு தடையும் இருந்தது. உரிமமின்றிக் கம்பியில்லாத் தந்திக் கருவியை வைத்திருப்பது 1933ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாக இருந்தது. வானொலிப் பெட்டிக்கே அஞ்சலகத்தில் கட்டணம் செலுத்திய காலத்தை நம் மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2005இல்தான் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த திறனுள்ள கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்று விதி வகுக்கப்பட்டது. பெரும்பாலான இன்றைய ரிமோட் டிரக்குகள் பேசும் அலைவரிசை அதுவே.

வரலாறு போதும், தாத்தாவின் கேள்விக்கு வருவோம். எதைப் பிடித்து நிறுத்துவது?

மறுநாள் காலையில் சிறுவனுக்கு முதலிலிருந்து சொல்லித் தந்தோம். முதலில் கையிலுள்ள கருவியை இயக்க வேண்டும், பிறகே வண்டியை; அணைக்கும்போது முதலில் வண்டி, பிறகு கருவி. வண்டி ஒருபோதும் கட்டளையற்று விழித்திருக்கக் கூடாது. அடுத்தது திசை. வண்டி நம்மைவிட்டு விலகிச் செல்லும்போது அதன் வலமும் நம் வலமும் ஒன்று. நம்மை நோக்கித் திரும்பி வரும்போது இரண்டும் மாறிவிடும். முதல் நாள் தூணில் மோதியது இதனால்தான். "நீ வண்டிக்குள்ள உட்கார்ந்திருக்கிறதா நினைச்சுக்கோ" என்றோம். ஏறாமல் ஓட்டுபவன் மனத்தால் ஏறியாக வேண்டும்! செங்கற்கள் நான்கை வைத்து, எட்டு வடிவில் மெதுவாகச் சுற்றச் சொன்னோம். பேட்டரி லித்தியம் வகை என்பதால், முற்றும் தீரும்வரை ஓட்டலாகாது, பெரியவர் கண்ணெதிரேதான் மின்னேற்ற வேண்டும், வீங்கினால் மீண்டும் தொடவே கூடாது என்று வீட்டாரிடமும் சொல்லி வைத்தோம்.

தாத்தா இப்போது அருகில் வந்து நின்றுகொண்டார். ஆண்டாள் கோயிலின் ஆடிப்பூரத் தேரைப் பற்றிப் பேச்சு எழுந்தது. "வடம் பிடிக்க ஆயிரம் பேரு வருவான் தம்பி. திருப்புறதும் நிறுத்துறதும் முட்டுக்கட்டை போடுறவன் கையில. அவன் மட்டும் சாமியப் பாக்க மாட்டான், சக்கரத்தையே பாத்துக்கிட்டு இருப்பான்" என்றார். நாம் தேடிய விடையை அவரே சொல்லிவிட்டார். கயிறு போனபின் பிடித்து நிறுத்த எஞ்சியிருப்பது கண் ஒன்றுதான்.

2023 ஆகஸ்டு 23 அன்று நிலவில் இறங்கிய சந்திரயான்-3இன் ஆறு சக்கர வண்டி பிரக்யானும் இந்த மரபில் வந்ததே. விழுப்புரத்தில் பிறந்த வீரமுத்துவேல் அத்திட்டத்தின் இயக்குநர். சோதனைகளுக்கு நிலவின் மண்ணை ஒத்த மண் நாமக்கல் பகுதியிலிருந்து சென்றது. 26 கிலோ எடை. நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகம். ஆகஸ்டு 27 அன்று, மூன்று மீட்டர் முன்னால் நான்கு மீட்டர் அகலப் பள்ளம் ஒன்று படத்தில் தெரிந்தது. வந்த வழியே திரும்பு என்று பூமியிலிருந்து கட்டளை சென்றது, வண்டி திரும்பியது. கட்டளை போய்ச் சேரவே நொடிக்கு மேலாகும் தொலைவில், முன்கூட்டியே பார்ப்பதுதான் முட்டுக்கட்டை.

மாலையில் நாம் கிளம்பும்போது டிரக் வாய்க்காலை நோக்கி மறுபடியும் ஓடியது. ஒருவரும் குரல் கொடுக்கவில்லை. சிறுவனின் விரல் தளர்ந்தது. கரைக்கு ஒரு முழம் முன்பாக வண்டி நின்றது. அவன் கண்ணை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "பரவாயில்லலே, கட்டை போடக் கத்துக்கிட்ட" என்றார் தாத்தா.