இப்னு உமர் (ரலி) சம்மணமிட்டு அமர்ந்தது ஏன்?



பள்ளிவாசலில் கடைசி ஸஃப்பின் ஓரத்தில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து நாம் சில மாதங்கள் தொழ நேர்ந்தது. இருபது ஆண்டுகளாகத் தரையில் அமர்ந்து ஓதிக்கொடுத்துப் பழகிய உடம்பு, ஒருநாள் லுஹர் தொழுகைக்குப் பின் எழ மறுத்தது. வலி நடுமுதுகில் இல்லை. இடுப்புக்குக் கீழே ஒரு பக்கத்தில், ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில் இருந்தது. முதுகெலும்பின் அடியிலுள்ள முக்கோண எலும்பு இடுப்பெலும்போடு சேருமிடம் அது. சேக்ரோஇலியாக் மூட்டு என்று மருத்துவர் பெயர் சொன்னார்.

வெளியே காயமில்லை, வீக்கமில்லை. நேற்றுவரை முன்னே நின்று தொழவைத்தவர் இன்று நாற்காலியில் அமர்ந்தால் பார்ப்போருக்கு வியப்பு வரத்தானே செய்யும்? ஒரு பெரியவர் கேட்டே விட்டார். வெட்கப்பட்டுச் சில நாள்கள் வலியைப் பொறுத்துக்கொண்டு தரையிலேயே தொழுதோம். வலி கூடியதுதான் மிச்சம்.

அந்நாள்களில் எமக்கு ஆறுதலளித்தது, மாணவர்களுக்குப் பலமுறை நடத்திய ஒரு செய்தி. ஸஹீஹுல் புகாரீயில் பதிவாகியுள்ளது. அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள் தொழுகையின் அமர்வில் சம்மணமிட்டு அமர்வதை அவர்களுடைய மகனார் காண்கிறார். அப்போது அவர் இளைஞர். தந்தை செய்வதே முறை என்றெண்ணித் தாமும் அவ்வாறே அமர்கிறார். தந்தையோ தடுக்கிறார்கள். வலப் பாதத்தை நட்டுவைத்து இடக்காலை மடித்து அமர்வதே தொழுகையின் சுன்னத் என்று கற்பிக்கிறார்கள். தாங்கள் மட்டும் இப்படி அமர்கிறீர்களே என்று மகன் கேட்க, தம் கால்கள் தம்மைத் தாங்குவதில்லை என்று மறுமொழி தருகிறார்கள். நோயின் காரணமாகவே அவ்வாறு அமர்ந்ததாக அவர்கள் கூறியது இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவிலும் இடம்பெற்றுள்ளது.

நபி (ஸல்) அவர்களின் சிறு வழக்கங்களைக்கூடத் தேடித்தேடிப் பின்பற்றியவர் என்று பெயர் பெற்ற நபித்தோழர் இவர். அவர் தம் இயலாமையை மறைக்கவுமில்லை, அதையே சட்டமாக்கவுமில்லை. அத்தஹிய்யாத் அமர்வின் சட்டத்துக்கு ஆதாரமாகவே இதைப் பல்லாண்டுகள் நடத்தி வந்தோம். இது ஒரு தந்தையின் கால்வலியைப் பற்றிய செய்தியும்கூட என்பது, எம் இடுப்பு வலித்த பிறகே புலப்பட்டது.

நபி (ஸல்) அவர்களே குதிரையிலிருந்து விழுந்து விலாப்புறம் காயமுற்றபோது அமர்ந்து தொழுதிருக்கிறார்கள். மூலநோயால் வருந்திய இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) கேட்டபோது, நிற்க இயலாவிடில் அமர்ந்தும், அதற்கும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழ வழிகாட்டினார்கள். ஃபிக்ஹு நூல்களில் நோயாளியின் தொழுகை பற்றிய பாடம் அந்த ஒரு வினாவைச் சுற்றியே வளர்ந்தது.

இந்த வலியை முற்கால மருத்துவர்கள் எவ்வாறு அறிந்திருந்தனர் என்று தேடினோம். இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் வலியை அரபியர் 'இர்குன் னஸா' என்றழைத்தனர். யுனானி மருத்துவர்களிடம் இன்றும் அதே பெயர்தான். இப்னு சீனா 1025 வாக்கில் நிறைவுசெய்த 'அல்கானூன்' நூலில், இடுப்பிலேயே தங்கும் வலியையும் தொடைவழியே கணுக்கால் நோக்கி இறங்கும் வலியையும் பிரித்துக் காட்டுகிறார். எம் மருத்துவர் முதலில் கேட்ட கேள்வியும் அதுதான்: வலி கீழே இறங்குகிறதா, ஓரிடத்திலேயே நிற்கிறதா? குர்துபாவின் அஸ்ஸஹ்ராவி இத்தகைய வலிக்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போடும் முறையை எழுதிவைத்தார். படிக்கும்போதே உடல் சிலிர்க்கிறது.

இர்குன் னஸாவுக்கு நாட்டுப்புற ஆட்டின் வால்கொழுப்பை உருக்கி, மூன்று பங்காக்கி, மூன்று நாள் வெறும் வயிற்றில் அருந்துமாறு கூறும் ஹதீஸ் இப்னு மாஜாவில் உள்ளது. இது இப்போது வாட்ஸ்அப்பில் எல்லா முதுகுவலிக்கும் மருந்தாகச் சுற்றிவருகிறது. எமக்கே நால்வர் அனுப்பினர். ஆனால் 1350இல் மறைந்த இப்னுல் கையிம் (ரஹ்) அவர்கள் இதை விளக்குகையில், நபிமொழிகளில் அனைவருக்கும் பொதுவானவையும் உண்டு, குறிப்பிட்ட மக்களையும் நிலத்தையும் நோக்கியவையும் உண்டு என்கிறார். இந்த மருந்து ஹிஜாஸ் பகுதியினருக்கும், வறட்சியால் இந்நோய் கண்டோருக்கும் உரியது என்பது அவருடைய விளக்கம். அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஓர் ஆலிம் காட்டிய இந்த நிதானம் நமக்கும் இருக்கலாம். கொலஸ்ட்ரால் உள்ளவர் வால்கொழுப்பைக் குடித்துவிட்டு மார்க்கத்தின்மீது பழிபோடுவது எவ்வகையிலும் முறையன்று.

ஐரோப்பிய, அமெரிக்க மருத்துவத்திலும் இம்மூட்டின் கதை நேர்க்கோட்டில் செல்லவில்லை. 1905இல் பாஸ்டனைச் சேர்ந்த கோல்ட்வெய்ட், ஆஸ்குட் ஆகிய இரு மருத்துவர்கள் இடுப்புவலிக்கு இம்மூட்டும் காரணமாகலாம் என்று விரிவாக எழுதினர். 1934இல் முதுகெலும்பின் தட்டு பிதுங்குவதால் நரம்பு அழுந்துவதை மிக்ஸ்டரும் பாரும் விளக்கியதும், எல்லோருடைய பார்வையும் தட்டின் பக்கம் திரும்பியது. மூட்டு ஏறக்குறைய மறக்கப்பட்டது. 1994இல் ஃபோர்ட்டினும் அவருடன் ஆய்ந்தோரும், வலியே இல்லாத தன்னார்வலர்களின் இம்மூட்டுக்குள் ஊசி செலுத்தி, வலி எங்கே எழுகிறது என்று வரைபடம் எடுத்தனர். நாம் விரல் வைத்துக் காட்டிய அதே இடம்! ஸ்கேனில் எதுவும் தெரியாததால் வலியே பொய் என்று பேச்சு வாங்கிய எத்தனை பேருக்கு, குறிப்பாகப் பேறுகாலத்துக்குப் பின் இடுப்புவலியால் துன்புறும் எத்தனை தாய்மார்களுக்கு, அந்த வரைபடம் சாட்சியாகும்!

எமக்குக் குணம் மெல்லவே வந்தது. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடந்தோம். பிசியோதெரபிஸ்ட் கற்பித்த இடுப்புத் தசைப் பயிற்சிகளை ஃபஜ்ருக்குப் பின் செய்தோம். ஒருக்களித்துப் படுக்கையில் முழங்கால்களுக்கிடையே தலையணை வைத்தோம். ஷாஃபிஈ மத்ஹபினராகிய நாம் கடைசி அமர்வில் இடப் பிட்டத்தைத் தரையில் ஊன்றி அமர்வோம். உடலின் பாரம் ஒரு பக்கம் இறங்கும் அந்த இருப்பே எமக்கு அதிகம் வலித்தது. ஆனால் நிற்க எம்மால் முடிந்தது. ஆகவே நின்றே தொழுது, ஸஜ்தாவுக்கும் அமர்வுக்கும் மட்டுமே நாற்காலியை நாடினோம். இதில் ஹனஃபி மத்ஹபின் சட்டம் வேறுபடுவதால், வலியுள்ளோர் தத்தம் ஆலிமிடம் கேட்டுக்கொள்வது நன்று. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம்: இளம் வயதினருக்கு இவ்வலி காலையில் அரைமணிக்கும் மேலாக விறைப்போடு வந்து, நடமாடினால் குறையுமானால், அது மூட்டழற்சியாக இருக்கக்கூடும். தாமதிக்காமல் மூட்டுநோய் மருத்துவரைக் காணவேண்டும்.

அல்ஹம்துலில்லாஹ், இப்போது நாற்காலி தேவைப்படுவதில்லை. கடைசி அமர்வில் மட்டும் சம்மணமிடுகிறோம். சென்ற மாதம் மதரஸாவில் அஸர் தொழுதபோது, பக்கத்தில் நின்ற சிறுவன் ஒருவன் எம்மைப் பார்த்து அவ்வாறே அமர்ந்தான். ஸலாம் கொடுத்தபின் அவனை அருகழைத்து, ஸஹீஹுல் புகாரீயின் அந்தப் பக்கத்தைப் பிரித்து வாசிக்கச் சொன்னோம்.