சைமன்: ஒரு தொடுதிரைப் பேசியின் ஆறு மாத வாழ்வு

தமிழில் முதல் சிறுகதை எது என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. காலத்தால் முந்தியது எது என்று பார்ப்பார் ஒரு சாரார். வடிவம் கைகூடியது எதில் என்று கேட்பார் மறுசாரார். தொடுதிரைச் செல்பேசியின் வரலாற்றிலும் இதே வழக்கு உண்டு. பெரும்பாலோர் 2007இல் வந்த ஐஃபோனிலிருந்து கதையைத் தொடங்குகிறார்கள். சற்று விவரம் அறிந்தவர்கள், அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்னதாகவே அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஐபிஎம் சைமனைக் குறிப்பிடுவார்கள். குறிப்பிட்டுவிட்டு, 'காலத்தை முந்திப் பிறந்த கருவி' என்ற ஒற்றை வாசகத்தோடு அதை அடக்கமும் செய்துவிடுவார்கள். அந்த வாசகத்தோடுதான் எனக்குப் பிணக்கு.

1992 நவம்பரில் லாஸ் வேகாஸில் நடந்த காம்டெக்ஸ் கணினிக் கண்காட்சியில் இக்கருவியின் முன்மாதிரி முதன்முதலாகக் காட்டப்பட்டது. ஃபுளோரிடாவின் போகா ரேட்டன் நகரில் இருந்த ஐபிஎம் கூடத்தில், ஃபிராங்க் கனோவா என்ற பொறியாளரின் எண்ணத்தில் உருவானது அது. மறுநாள் 'யுஎஸ்ஏ டுடே' நாளிதழின் வணிகப் பகுதியில் அவர் அந்த முன்மாதிரியைக் கையில் பிடித்திருக்கும் படம் வெளியாயிற்று. பெல்சௌத் என்ற தொலைபேசி நிறுவனம் விற்பனைக்கு முன்வந்தது. தயாரிப்புப் பொறுப்பை ஜப்பானின் மிட்சுபிஷி எலக்ட்ரிக் ஏற்றது. 1993 நவம்பரில் அறிவிப்பு வெளிவந்தது. மென்பொருள் சிக்கல்களால் தாமதமாகி, 1994 ஆகஸ்டு 16 அன்றுதான் கடைக்கு வந்தது. இரண்டாண்டு ஒப்பந்தத்தோடு வாங்கினால் விலை 899 டாலர். ஒப்பந்தம் வேண்டாமென்றால் 1,099 டாலர்.

ஸ்மார்ட்ஃபோன் என்ற பெயர் அன்று அதற்குச் சூட்டப்படவில்லை. 'பெர்சனல் கம்யூனிகேட்டர்' என்றே விற்றார்கள். பொத்தான் வரிசை இருக்கவேண்டிய இடம் முழுவதையும் கறுப்பு வெள்ளைத் திரை எடுத்துக்கொண்டது. விரலாலோ, உடன் தரப்பட்ட சிறு எழுதுகோலாலோ தொட்டு இயக்கலாம். எண்களைச் சுழற்றுவதும் திரையில்தான். முகவரிப் புத்தகம், நாட்காட்டி, சந்திப்புக் குறிப்பு, கணிப்பான், உலகக் கடிகாரம், கையால் எழுதவும் வரையவும் ஒரு பலகை, மின்னஞ்சல், தொலைநகல், ஒரு சிறு விளையாட்டு ஆகியவை உள்ளேயே இருந்தன. கூடுதல் அட்டையைச் செருகப் பக்கவாட்டில் ஒரு துளையும் உண்டு.

என்னைக் கவர்ந்தது அதன் விசைப்பலகை. முழு விசைப்பலகையைத் திரையில் வரைந்தால் விரல் படும் அளவுக்கு எழுத்துகள் இருக்கமாட்டா. ஆகவே மாற்றுவழி ஒன்றையும் வைத்தார்கள்: ஓர் எழுத்தைத் தொட்டதும், அடுத்து வரக்கூடிய ஆறு எழுத்துகளை ஊகித்துப் பெரிதாகக் காட்டும். எந்த எழுத்தின் பின் எந்த எழுத்து வரும் என்னும் ஆராய்ச்சி தொல்காப்பிய நூன்மரபை நடத்துகிறவனுக்குப் புதிதல்ல. மெய்ம்மயக்கம் என்று நாம் படிப்பது அதைத்தானே? 'சக்தி' போன்ற வடசொற்களை ஒதுக்கிவிட்டால், ககர மெய்யை அடுத்துக் ககரமே வரும். அங்கே ஆறு எழுத்துகளைக் காட்டவேண்டிய தேவைகூட இராது. ஆங்கிலத்தில் அத்தகைய கட்டுப்பாடு குறைவு. எனவே இலக்கணத்தின் இடத்தில் வாய்ப்புக் கணக்கை வைத்தார்கள்.

இனி அதன் வரம்புகள். எடை ஏறத்தாழ 510 கிராம். நீளம் 20 சென்டிமீட்டர், தடிமன் நான்கு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சட்டைப்பையில் போட்டால் சட்டையே ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். நினைவகம் ஒரு மெகாபைட், சேமிப்பிடம் இன்னொரு மெகாபைட். நிக்கல் காட்மியம் மின்கலம் ஒரு மணி நேரப் பேச்சுக்குத் தாங்கும். பேசாமல் வைத்திருந்தால் எட்டு மணி நேரம். காலையில் வீட்டிலிருந்து எடுத்துப் புறப்பட்டால், ஒரு வார்த்தை பேசாவிட்டாலும் மாலைக்குள் உயிர் போய்விடும்.

இவற்றைத் தனித்தனிக் குறைகளாக அடுக்குவதைவிட ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பது பயன்தரும். அதன் மோடம் நொடிக்கு 2,400 பிட் வேகமுடையது. அதாவது நொடிக்கு ஏறத்தாழ 300 எழுத்து. ஒரு பக்கக் கடிதம் சில நொடிகளில் வந்துவிடும், அதுவரை சரிதான். ஆனால் அதன் ஒரு மெகாபைட் சேமிப்பிடத்தை முழுவதும் நிரப்பவேண்டுமென்றால் ஏறக்குறைய 55 நிமிடம் இணைப்பில் இருக்கவேண்டும். அதற்குள் மின்கலமும் தீரும் நிலைக்கு வந்துவிடும். ஆகவே நினைவகத்தைப் பெருக்கியிருந்தாலும் பயனில்லை; வலைப்பின்னல் அதற்கு ஈடுகொடுத்திராது. வலைப்பின்னல் வேகமாக இருந்திருந்தாலும் மின்கலம் தாங்கியிருக்காது. போதாக்குறைக்கு, பெல்சௌத் அதை விற்றது அமெரிக்காவின் பதினைந்து மாநிலங்களில் மட்டுமே.

இப்போது அந்த வாசகத்துக்கு வருவோம். சைமன் காலத்தை முந்தியதா? அதன் வசதிப் பட்டியலை மீண்டும் வாசித்துப் பாருங்கள். தொலைநகல், பேஜர் செய்தி, சந்திப்புக் குறிப்பு, முகவரிப் புத்தகம்: எல்லாம் 1994இல் ஓர் அமெரிக்க மேலாளரின் மேசைமேல் இருந்தவை. அந்த மேசையைச் சுருக்கிக் கையில் கொடுத்தார்கள், அவ்வளவே. வைய விரிவு வலை அப்போது பிறந்துவிட்டது. ஆனால் சைமனில் உலாவி இல்லை. ஒளிப்படம் எடுக்காது, பாட்டும் கேட்க இயலாது. வருங்காலத்தின் எதையும் அது கொண்டுவரவில்லை. தன் காலத்தின் அலுவலகத்துக்கு மிகவும் உண்மையாக இருந்த கருவி என்றே நான் சொல்வேன். தொடுதிரை மட்டுமே விலக்கு; அதுவும்கூடப் பல பொத்தான்களின் வேலையை ஒரே பரப்பில் செய்துகொள்ளும் சிக்கன ஏற்பாடாகவே அங்கே இருந்தது.

அதே காலத்தில் மற்றச் செல்பேசிகள் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தன. மடக்குப் பேசிகள் ஆண்டுதோறும் இளைத்துவந்தன. 1996இல் மோட்டரோலாவின் ஸ்டார்டேக் நூறு கிராமுக்கும் குறைந்தது. 'எத்தனை வேலை செய்யும்' என்று கேட்பவர்களைவிட, 'எவ்வளவு சிறிது' என்று கேட்டவர்களே கடையில் அதிகம். சைமனின் விலையை 599 டாலருக்கு இறக்கிப் பார்த்தார்கள். ஏறத்தாழ 50,000 கருவிகள் விற்றன. 1995 பிப்ரவரியில் விற்பனை நின்றது. இந்தியாவின் முதல் செல்பேசி அழைப்பு கொல்கத்தாவிலிருந்து டில்லிக்குப் போனது அதே ஆண்டு ஜூலை 31இல். சைமனை நாம் அறியாமல் போனதில் வியப்பில்லை.

அடுத்த பதிப்பு ஏன் வரவில்லை என்பதற்குக் கருவிக்குள் விடை தேடிப் பயனில்லை. 1993இல் மட்டும் ஐபிஎம் அடைந்த நட்டம் 800 கோடி டாலருக்கு மேல். ஆட்குறைப்பும் செலவுக் குறைப்பும் நடந்துகொண்டிருந்த வீட்டில், ஐம்பதாயிரம் மட்டுமே விற்ற பொருளுக்கு யார் பரிந்து பேசுவார்? கனோவா பின்னர் பாம் நிறுவனத்துக்குச் சென்றார்.

2007இன் ஐஃபோனும் குறையில்லாமல் வரவில்லை. மூன்றாம் தலைமுறை வலைப்பின்னல் அதற்கு எட்டவில்லை; எழுத்தை நகலெடுத்து ஒட்ட முடியாது; காணொளி எடுக்காது; வெளியார் மென்பொருளை நிறுவும் கடை அடுத்த ஆண்டுதான் திறந்தது. அதன் எட்டு ஜிகாபைட் வகையின் விலை, தற்செயலாகத்தான், அதே 599 டாலர். ஆயினும் அக்குறைகள் ஒவ்வொன்றாகத் தீரும்வரை காத்திருக்க வாங்கியவர்களும் இருந்தார்கள், காத்திருக்கும் வசதி செய்தவர்களுக்கும் இருந்தது.

சைமன் நம்பியிருந்த அனலாக் வலைப்பின்னலைப் பேணும் கட்டாயம் அமெரிக்காவில் 2008 பிப்ரவரி 18 அன்று முடிந்தது. பெரிய நிறுவனங்கள் அதை நிறுத்தின. அதன் பிறகு, பழுதில்லாத ஒரு சைமனை இயக்கினால் நாட்காட்டி திறக்கும், கணக்குப் போடும், விசைப்பலகை அடுத்த ஆறு எழுத்துகளை ஊகித்துக் காட்டும். அழைப்பு மட்டும் போகாது.