வலி என்னும் காவற்காரன்

ஏனாத்தூரில் எனக்கு ஒரு சிநேகிதர் உண்டு. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இருபது வருஷமாகச் சர்க்கரை வியாதியோடு குடித்தனம் நடத்துகிறவர். போன கோடையில் நான் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, கடைத்தெருவுக்குப் போயிருந்தவர் நல்ல உச்சி வெயிலில் திரும்பி வந்தார். அவர் மருமகள் வாசலிலேயே திடுக்கிட்டு, "மாமா! இடது கால் செருப்பு எங்கே?" என்று கேட்டாள்.

அப்போதுதான் அவர் குனிந்து பார்த்தார். செருப்பு வழியில் எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது. கொதிக்கிற தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்திருக்கிறார். உள்ளங்காலில் கொப்புளம். அவருக்கோ ஒன்றும் தெரியவில்லை!

அதே கால், ராத்திரி படுத்தால் நெருப்பில் வைத்தது போல் எரியுமாம். எறும்பு ஊருமாம். போர்வை பட்டால்கூடத் தாளாதாம். "சுடும்போது சுடுவதில்லை, சுடாதபோது சுடுகிறது" என்றார், சிரித்துக்கொண்டே.

இதற்குப் புற நரம்பு நோய் என்று பெயர். சர்க்கரை, நீளமான நரம்புகளைத்தான் முதலில் தாக்கும். ஆகவே பாதத்தில் ஆரம்பிக்கிறது. டாக்டர் அவருக்குச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தச் சொல்லி, எரிச்சலுக்கு மாத்திரையும் கொடுத்து, கூடவே சில விதிகளும் விதித்திருந்தார்: தினமும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும், வீட்டுக்குள்ளும் செருப்பு வேண்டும், அதை உதறிவிட்டுத்தான் போட வேண்டும், வெந்நீரில் காலை வைத்துச் சூடு பார்க்கக் கூடாது. சாதாரண விதிகள்தான். ஆனால் இவற்றுக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. அதன் முக்கியமான அத்தியாயம் ஒன்று ஏனாத்தூருக்கு அதிக தூரமில்லாத செங்கற்பட்டில் நடந்தது.

செங்கற்பட்டை அடுத்த திருமணியில், லேடி வில்லிங்டன் பெயரால் தொழுநோயாளிகளுக்கு ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. 1947-ல் டாக்டர் காக்ரேன் என்பவர் அங்கே ஓர் இளம் சர்ஜனை அழைத்துப் போனார். அவர் பெயர் பால் பிராண்ட். பாதிரியாரின் பிள்ளை; 1914-ல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். லண்டனில் படித்துவிட்டு 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தவர்.

நோயினால் சதை அழுகி விரல்கள் விழுந்துவிடுகின்றன என்பதே அந்தக் காலத்து நம்பிக்கை. நோய்க்கிருமியை 1873-லேயே நார்வே டாக்டர் ஹான்சன் கண்டுபிடித்திருந்தார். இருந்தும் அந்த நம்பிக்கை போகவில்லை. விரல்கள் மடங்கிப் போன ஒரு நோயாளியிடம் பிராண்ட் கையை நீட்டி, "பலங்கொண்ட மட்டும் அழுத்து" என்றார். இரும்புப் பிடி! வலி தாங்காமல் டாக்டர் துடித்துப் போனார். இவ்வளவு பலமுள்ள கை அழுகுகிற கையாக எப்படி இருக்க முடியும்?

விடை ஒரு பூட்டிலே கிடைத்தது. துருப்பிடித்த பூட்டு ஒன்றைப் பிராண்டால் திறக்க முடியவில்லை. நோயாளிச் சிறுவன் ஒருவன் ஓடி வந்து, சாவியைச் சுலபமாகத் திருப்பித் திறந்துவிட்டான். தரையில் ரத்தம் சொட்டியது. சாவி அவன் விரலை எலும்பு தெரியும்படி கிழித்திருந்தது. பையன் சிரித்துக்கொண்டு நின்றான்!

நோய் விரலைத் தின்னவில்லை. அது வலி என்னும் காவற்காரனைத்தான் கொன்றுவிடுகிறது. காவல் இல்லாத வீட்டில் யார் வேண்டுமானாலும் நுழையலாம் அல்லவா? அடுப்பும், ஆணியும், முள்ளும் நுழைந்தன. ராத்திரியில் சிலருக்கு விரல் குறைந்த மர்மத்தையும் காவலிருந்து கண்டுபிடித்தார்கள். தூங்குகிறவர்களின் விரலை எலிகள் கடித்துக்கொண்டிருந்தன! அதன் பிறகு நோயாளிகளுக்குப் பூனைகள் கொடுக்கப்பட்டன.

நல்ல தசையின் நாணை எடுத்துச் செயலிழந்த விரலுக்கு மாற்றிப் பொருத்தி, மடங்கிய கைகளைப் பிராண்ட் நிமிர்த்தினார். ஆனால் போன உணர்ச்சியை எந்தக் கத்தியாலும் திருப்பித் தர முடியவில்லை. தோல் செய்த வேலையை இனிக் கண்தான் செய்ய வேண்டும். கையையும் காலையும் தினமும் பார்ப்பது, நீரில் ஊறவைத்து எண்ணெய் தடவுவது, சூடான பாத்திரத்தைத் துணியால் பிடிப்பது, ஆணி அடிக்காத மெத்தென்ற ரப்பர் செருப்பு போடுவது என்பதெல்லாம் வேலூரிலும் கரிகிரியிலும் நோயாளிகளோடு சேர்ந்து பழகிப் பழகிப் படித்த பாடங்கள். 1966-ல் அமெரிக்காவுக்குப் போன பிராண்ட், சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் இதே பாடம் பொருந்துவதைக் காட்டினார். வலியை ஒரு வரம் என்றே சொல்லி வந்த அவர் 2003-ல் காலமானார்.

1981-ல் வந்த கூட்டு மருந்துகள் தொழுநோயைக் குணமாக்கிவிட்டன. ஆனால் மருந்துக்குக் கட்டுப்பட்ட நோய் மனசுக்குக் கட்டுப்படவில்லை. விவாகரத்துக்கு அதை ஒரு காரணமாகச் சொன்ன சட்ட வாசகத்தை நீக்க நமக்கு 2019 வரை ஆயிற்று!

இந்தக் கதையை வாத்தியாரிடம் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

"நாங்கள் சிறு பிள்ளைகளாக இருந்தபோது அந்த வியாதிக்காரர் ஒருவர் தெருவில் வருவார். கல்லை விட்டெறிவோம்" என்றார். பிறகு, "கல் பட்டால் அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ரோஷம் இல்லாதவர் என்று நினைத்தோம்" என்றார்.

மருமகள் விளக்கையும் கைக்கண்ணாடியையும் கொண்டு வந்து வைத்தாள். அவர் காலைத் தூக்கி மடிமேல் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாகப் பார்க்க ஆரம்பித்தார்.