பனி இல்லாத பனிச்சறுக்கு மலை: சக்கல்தாயாவுக்கு ஒரு டிரிப் பிளான்

வழக்கமா இந்த நிகழ்ச்சியில ராஜா, போர், ஒப்பந்தம்னு ஏதாவது ஒரு ஆண்டிலிருந்து ஆரம்பிப்போம். இன்னைக்குக் கதை என் வீட்டு ஹால்ல ஆரம்பிக்குது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நானும் என் ரூம்மேட்டும் பனி பார்க்க எங்கே போகலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். நான் மணாலி என்றேன். "அய்யோ, மணாலியா? தெருவுல பாதிப் பேர் போயிட்டு வந்துட்டாங்க. யாருமே போகாத இடமா சொல்லு மச்சி"ன்னான். பழைய புத்தகக் கடையில் ஐம்பது ரூபாய்க்கு வாங்கிய பயணக் கையேடு ஒன்று அவன் கையில் இருந்தது. 1990-களில் அச்சான புத்தகம். அதில் பொலிவியா என்ற தலைப்பின் கீழ் அரைப் பக்கம்: சக்கல்தாயா, உலகத்திலேயே மிக உயரமான பனிச்சறுக்கு இடம். தலைநகர் மாதிரி இயங்கும் லா பாஸ் நகரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான்.

அன்றைக்கு ராத்திரியே ஒரு ஷீட் திறந்துவிட்டோம். நாலு காலம் போட்டோம். எப்படிப் போறது, எந்த மாசம் போறது, மேல எப்படி ஏறுறது, எவ்வளவு செலவாகும். முதல் மூணு கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்த எபிசோடு உருவானது. நாலாவது காலம் இன்னும் காலியாகத்தான் இருக்கு. ஏன்னு கடைசியில் சொல்றேன்.

முதல் கேள்வி, எப்படிப் போறது. லா பாஸுக்கான விமான நிலையம் பக்கத்து ஊரான எல் ஆல்ட்டோவில் இருக்கிறது. அந்த ஓடுபாதையே கடல் மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கு மேல். ஊட்டியில் இறங்கும்போதே சிலருக்குத் தலை சுற்றும் இல்லையா? ஊட்டி 2,240 மீட்டர். சக்கல்தாயாவின் பனிச்சறுக்குக் குடில் சுமார் 5,300 மீட்டர். எவரெஸ்ட் அடிவார முகாம் இருக்கும் உயரத்தை ஒட்டி, ஒரு விளையாட்டு இடம்! அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். அதனால் லா பாஸில் சில நாள் சும்மா தங்கி, நிதானமாக நடந்து, உடம்பைப் பழக்கிக்கொண்டுதான் மேலே போகவேண்டும். ஐமாரா மொழியில் சக்கல்தாயா என்றால் 'குளிர்ந்த பாதை' என்று பொருள் சொல்கிறார்கள்.

இரண்டாவது கேள்வி, எந்த மாசம். நாங்கள் ரொம்ப புத்திசாலித்தனமாக ஜூலை என்று எழுதினோம். தென்னரைக்கோளம், ஜூலைதானே அங்கே குளிர்காலம்? இங்கேதான் முதல் அடி. சக்கல்தாயா நிலநடுக்கோட்டிலிருந்து 16 டிகிரி தெற்கே இருக்கிறது. சென்னை 13 டிகிரி வடக்கே. அதாவது அது நம்மை மாதிரியே வெப்பமண்டலத்துக்குள் இருக்கும் ஒரு மலை. அங்கே குளிர்காலம் என்றால் வறண்ட காலம், பனி பெய்யாது. பனி பெய்வது மழைக்காலத்தில், நவம்பரிலிருந்து மார்ச் வரைக்கும். பனிச்சறுக்கும் அந்த மாதங்களில், வார இறுதிகளில் மட்டும்தான் நடந்திருக்கிறது.

இந்த விஷயத்தைக் கொஞ்சம் கவனிச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும். ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் பனியாறு குளிர்காலத்தில் சேமிக்கும், கோடையில் செலவழிக்கும். வெப்பமண்டல ஆண்டிஸ் மலையில் சேமிப்பும் செலவும் ஒரே பருவத்தில் நடக்கின்றன. மாதச் சம்பளமும் இ.எம்.ஐ.யும் ஒரே தேதியில் வர்ற மாதிரி. சம்பளம் கொஞ்சம் தள்ளிப்போனாலும் கதை கந்தல். புதுப் பனி வெள்ளையாக இருப்பதால் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். மழைக்காலம் தாமதமானால் அடியில் இருக்கும் பழைய, அழுக்கேறிய பனிக்கட்டி வெளியே தெரியும். அது வெயிலை உறிஞ்சி உருகும். எல் நினோ ஆண்டுகளில் அங்கே இப்படித்தான் நடக்கிறது.

மூணாவது கேள்வி, மேல எப்படி ஏறுறது. இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. 1939-ல் லா பாஸில் பொலிவிய ஆண்டிஸ் கிளப் என்று ஒரு மலையேற்றச் சங்கம் உருவானது. அந்தக் கால இளைஞர்கள், மலைமேல் போக ரோடு இருக்கு, பனி இருக்கு, சறுக்கிவிட்டுத் திரும்ப மேலே ஏறத்தான் வழியில்லை. என்ன பண்ணினாங்க தெரியுமா? ஒரு கார் இன்ஜினைக் கழற்றி மலைமேல் வைத்து, அதில் ஒரு கயிற்றை ஓடவிட்டார்கள். தென் அமெரிக்காவின் முதல் பனிச்சறுக்கு இழுவைக் கயிறு அதுதான். உட்கார நாற்காலி எல்லாம் கிடையாது. ஆளுக்கொரு கொக்கி. ஓடுகிற கயிற்றில் கொக்கியை மாட்டித் தொங்கிக்கொண்டே மேலே போகவேண்டும். வேகம் அதிகம், தவறினால் பனியில் புரளவேண்டியதுதான். மூச்சு வாங்கும் அந்த உயரத்தில் அது ஒரு தனி வித்தை.

கடலே இல்லாத, வெப்பமண்டலத்தில் இருக்கிற பொலிவியா 1956-ல் இத்தாலியில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்ஸில் முதல்முறையாகக் கலந்துகொண்டது. அந்த நாட்டிலேயே இழுவைக் கயிறு வசதி இருந்த ஒரே சரிவு சக்கல்தாயாதான்.

அந்த ரோட்டில் பனிச்சறுக்கு வீரர்கள் மட்டும் போகவில்லை. 1940-களில் மலைமேல் ஒரு வானிலை நிலையமும் வந்தது. 1947-ல் பிரேசிலைச் சேர்ந்த சேசர் லாட்டஸ் என்ற இயற்பியலாளர் அங்கே வந்தார். வயது 22. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் செசில் பவல் குழுவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களைப் பிடிக்க அவருக்கு உயரமான இடம் வேண்டும். ஆனால் தகடுகளைத் தூக்கிக்கொண்டு மலையேற முடியாது, ரோடும் வேண்டும். உலக வரைபடத்தில் இரண்டும் சேர்ந்து கிடைத்த இடம் சக்கல்தாயா. சிறப்பு வகைப் புகைப்படத் தகடுகளை அங்கே வைத்துவிட்டுப் போனார். பையான் என்ற துகள் உண்மையிலேயே இருக்கிறது என்பதை உறுதிசெய்த தடயங்கள் அந்தத் தகடுகளில் பதிந்திருந்தன. 1935-ல் ஜப்பானின் யுகாவா கணித்துச் சொன்ன துகள் அது. யுகாவாவுக்கு 1949-ல் நோபல், பவலுக்கு 1950-ல் நோபல். லாட்டஸுக்குக் கிடைக்கவில்லை. அது தனி எபிசோடு.

ஆக, விளையாட்டு, அறிவியல் ரெண்டுக்கும் இந்த மலை வசதியாக இருந்ததற்கு ஒரே காரணம், போக வர ரோடு இருந்தது. அடுத்து வந்தவர்களும் அதே காரணத்துக்காகத்தான் வந்தார்கள். 1991-ல் பொலிவிய, பிரெஞ்சு ஆய்வாளர்கள் சேர்ந்து சக்கல்தாயாவின் பனியாற்றை அளக்க ஆரம்பித்தார்கள். மாதாமாதம் மேலே போவது, நட்டுவைத்த கம்புகளில் எவ்வளவு பனி குறைந்தது என்று குறிப்பது, ரேடார் வைத்து அடியில் பாறை எங்கே இருக்கிறது என்று பார்ப்பது. சுவாரஸ்யமே இல்லாத வேலை மாதிரி தெரியுதா? அந்த எண்களைக் கேளுங்க.

1940-ல் அந்தப் பனியாற்றின் பரப்பு சுமார் 0.22 சதுர கிலோமீட்டர். நம்ம கணக்கில் ஐம்பத்துச் சொச்சம் ஏக்கர். 1992-க்கும் 1998-க்கும் நடுவில், ஆறே வருடத்தில், அது தன் கனஅளவில் மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. அந்த வருடங்களில் பனியாற்றின் எந்தப் பகுதியிலும் புதுப்பனி நிலைத்துச் சேரவே இல்லை. உச்சி வரைக்கும் செலவு மட்டும்தான், வரவே கிடையாது. எட்சன் ராமிரெஸ், பெர்னார் ஃபிரான்கூ உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2001-ல் எழுதினார்கள்: இதே நிலை நீடித்தால் இன்னும் 15 வருடத்தில் இது முழுசாக மறைந்துவிடும்.

15 வருடம் ஆகவில்லை. 2009-லேயே போய்விட்டது.

18,000 ஆண்டு வயது என்று மதிப்பிடப்பட்ட பனி. எங்க கையேடு அச்சாகும்போது இருந்தது, நாங்க அதை வாங்கும்போது இல்லை. கணிப்பைவிட ஏன் சீக்கிரம்? பனியாறு சிறிதாகச் சிறிதாகச் சுற்றியுள்ள கரும்பாறை வெளியே வரும். பாறை வெயிலில் சூடாகும். அந்தச் சூடு பக்கத்துப் பனியை ஓரத்திலிருந்து தின்னும். கடைசிக் கட்டத்தில் எல்லாம் வேகமாகிவிடும்.

இதைப் படித்து முடித்ததும் நான் ரூம்மேட்டிடம் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "மச்சி, அப்போ அந்தக் குடில்?" என்று கேட்டான். குடில் இருக்கு. லா பாஸிலிருந்து இன்றைக்கும் வண்டிகள் போகின்றன. மக்கள் குடில் வரைக்கும் போய், உச்சிக்கு மெதுவாக நடந்து ஏறி, ஹுவாய்னா பொத்தோசி சிகரத்தைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். எப்போதாவது நல்ல பனி பெய்தால் யாராவது கொஞ்ச தூரம் சறுக்குவார்கள். ஆராய்ச்சி நிலையமும் மூடப்படவில்லை. இப்போது அங்கே காற்றில் கலந்திருக்கும் புகைத்துகளையும் வாயுக்களையும் அளக்கிறார்கள்.

ஒரு சின்ன பனித்துண்டு போனதில் என்ன பெரிய நஷ்டம்னு நீங்க கேட்கலாம். நானும் கேட்டேன். பொலிவியாவின் பனியாறுகளில் 80 சதவீதத்துக்கு மேல் சக்கல்தாயா மாதிரி அரை சதுர கிலோமீட்டருக்கும் குறைவானவை. லா பாஸுக்கு வருடம் முழுக்கக் கிடைக்கும் தண்ணீரில் சராசரியாக 15 சதவீதம் பனியாறுகளிலிருந்து வருவதாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. வறண்ட காலத்தில் அது 27 சதவீதம். மழை இல்லாத மாதங்களில் கைகொடுப்பது அந்தப் பனிதான். 2016 நவம்பரில் வறட்சியால் லா பாஸின் நீர்த்தேக்கங்கள் வற்றி, குழாயில் தண்ணீர் முறைவைத்து விடப்பட்டு, நாடு அவசரநிலை அறிவித்தது. அடுத்த வறட்சியில் கைகொடுக்கப் பனி இன்னும் குறைவாகத்தான் இருக்கும்.

எனக்கு இதில் உறைத்த விஷயம் இதுதான். சக்கல்தாயா எந்த வருடம் செத்தது என்று நமக்குத் தெரியும். காரணம், அங்கே ஒரு ரோடு இருந்தது, கார் இன்ஜினைத் தூக்கிக்கொண்டு போன ஒரு கூட்டம் இருந்தது, மாதாமாதம் போய் அளந்த ஆட்கள் இருந்தார்கள். பக்கத்து மலைகளில் பெயர்கூடத் தெரியாத எத்தனையோ பனியாறுகள் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு இறப்புத் தேதி எழுத ஆள் இல்லை.

இப்போ நாலாவது காலம், செலவு. டிக்கெட் விலை பார்த்தோம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பனி உருகிப்போன இடத்தைப் பார்க்க, பாதி உலகம் தாண்டி, அவ்வளவு எரிபொருளை எரித்துப் போகணுமா? பொலிவியா மக்கள் காற்றில் விட்ட கரியமில வாயு உலகக் கணக்கில் ரொம்பச் சின்னது. விலையை மட்டும் அவர்கள் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். "நாம ரெண்டு பேர் போகலைன்னா விமானம் நின்னுடுமா?"ன்னு ரூம்மேட் கேட்டான். நிற்காதுதான். அவன் சொல்றதும் சரி. சுற்றுலாப் பயணிகள் வந்தால்தான் அங்கே வண்டி ஓட்டுகிறவர்களுக்கு வருமானம் என்பதும் சரி. எங்க ரெண்டு பேருக்கும் இதில் இன்னும் முழு ஒப்பந்தம் ஆகவில்லை. அதனால்தான் அந்தக் காலம் காலி.

ஆனால் தேடும்போது இன்னொன்று கிடைத்தது. சக்கல்தாயாவை அளந்த பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் நம்ம நாட்டிலும் வேலை செய்திருக்கிறது. இமாச்சலத்தின் லாகூல் பகுதியில் சோட்டா ஷிக்ரி என்று ஒரு பனியாறு. தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களும் சேர்ந்து 2002-லிருந்து அதை வருடாவருடம் அளந்துவருகிறார்கள். இமயமலையில் இவ்வளவு தொடர்ச்சியாக அளக்கப்படும் பனியாறுகள் ரொம்பக் குறைவு. அது இன்னும் இருக்கு.

அங்கே போகும் வழி எது தெரியுமா? மணாலி தாண்டி, சந்திரா நதிப் பள்ளத்தாக்கு வழியாக ஸ்பிட்டி போகிற ரோடு.

ரூம்மேட் ரொம்ப நேரம் சிரிச்சான். ஷீட்டில் ஒரு புது டேப் போட்டிருக்கோம். தில்லி வரைக்கும் ரயில், அப்புறம் பஸ். ரோடு திறந்திருக்கும் கோடை மாதங்களில் போவோம். பனியாற்றின் மேலே எல்லாம் ஏறப்போவதில்லை, பள்ளத்தாக்கு ரோட்டிலிருந்து அந்தப் பக்கத்து மலைகளைப் பார்த்துவிட்டு வருவோம். உங்களில் யாராவது அந்த ரோட்டில் போயிருந்தால் எங்களுக்கு எழுதுங்க. எந்த மாசம் போனீங்க, எவ்வளவு பனி இருந்துச்சுன்னு தேதியோட எழுதுங்க. தேதி முக்கியம் மக்களே. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.