ஓர் இழையில் பல ஒளிகள்

ஆரணியில் பட்டுத்தறி ஒன்றன் அருகே நின்றிருந்தேன். பாவில் நிறத்திற்கு நிறம் தனித்தனி இழை. ஒன்று மற்றொன்றுடன் கலவாது. வீடுகளுக்கு இணையம் கொணரும் கண்ணாடி இழைக்கு அவ்வசதி இல்லை. போவதும் வருவதுமான ஒளிகள் யாவும் ஒரே இழையில் செல்லவேண்டும். வழியில் மின்சாரம் வேண்டாத பகுப்பான் ஒன்று அவ்வொளியைப் பல வீடுகளுக்குப் பங்கிடும். ஆதலின் ஒளிகளைப் பிரித்தறிய அலைநீளம் ஒன்றே துணை.

2003-இல் அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ‘ஜிபான்’ முறையை வகுத்தது. நிலையத்திலிருந்து வரும் ஒளிக்கு 1490 நானோமீட்டர்; வீட்டிலிருந்து செல்வதற்கு 1310. மலிவான லேசரின் அலைநீளம் வெப்பத்தால் நகரும் அன்றோ? அதன்பொருட்டு 1260 முதல் 1360 வரை இடம் விட்டனர். அது தாராளம், ஆனால், என் கருத்தில், முன்யோசனையற்ற தாராளம். நாளை புதுமுறை ஒன்று அதே இழைக்கு வந்தால் எங்கே தங்கும்?

2007-இல் அவ்வெல்லையை 1290 முதல் 1330 வரை எனச் சுருக்கும் விதி வந்தது; அயல் ஒளியைத் தடுக்கும் வடிகட்டியும் வகுக்கப்பட்டது. பலர் அறியாத இச்சிறு திருத்தத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன். ஒழிந்த இடத்தில், 2010-இல் பத்து கிகாபிட் முறையின் மேற்செல்லும் ஒளி 1270-இல் குடியேறிற்று. பழைய கருவியும் புதிய கருவியும் ஒரே இழையில் இயங்கின. தெருவைத் தோண்ட நேரவில்லை. 2021-இல் வகுத்த ஐம்பது கிகாபிட் முறை, கீழ்வரும் ஒளிக்கு 1342-ஐக் கொண்டது. அதுவும் முன்னர் ஒழித்துவைத்த இடமே.