கேக் சொதப்புதா? முதல்ல தராசை செக் பண்ணுங்க!

ரெசிப்பியை அப்படியே ஃபாலோ பண்ணியும் கேக் கல்லு மாதிரி வருதா? ஓவனைத் திட்டும் முன், உங்கள் டிஜிட்டல் தராசைச் சோதித்துப் பாருங்கள்.

* ஆடாத, சமமான மேடையில் தராசை வையுங்கள். பேட்டரி வீக் என்றால் மாற்றிவிடுங்கள்.

* பத்து 10 ரூபாய் நாணயங்களை வையுங்கள். ஒன்று சுமார் 7.7 கிராம். மொத்தம் 77 கிராம் காட்டணும். 1 கிராம் முன்னே பின்னே இருந்தால் ஓகே.

* காலிக் கிண்ணத்தை வைத்து, 'டேர்' பட்டனை அழுத்துங்கள். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 10 மி.லி. சிரிஞ்சால் பத்து முறை தண்ணீர் விடுங்கள். 100 கிராம் வரணும்.

* அதே கிண்ணத்தை நடுவிலும் ஓரங்களிலும் வைத்துப் பாருங்கள். எண் மாறக் கூடாது.

எப்போதும் ஒரே விகிதத்தில் கூட்டியோ குறைத்தோ காட்டினால் பெரிய சிக்கல் இல்லை. மைதா, சர்க்கரை, வெண்ணெய் எல்லாவற்றையும் அதே தராசில் அளந்தால் கணக்கு சரியாகிவிடும். ஒவ்வொரு முறையும் வேற வேற எண் காட்டுதா? அப்போ புதுத் தராசுதான் வழி.

ஒரு விஷயம்... 3 கிராம் ஈஸ்ட்டில் 1 கிராம் பிசகினாலே மூன்றில் ஒரு பங்கு தப்பு. ஈஸ்ட், பேக்கிங் சோடாவுக்கு 0.1 கிராம் வரை காட்டும் குட்டித் தராசு அல்லது அளவு ஸ்பூன்தான் பெஸ்ட்!